நோன்பு லீவில் வந்த கடிதம்

விசாரணை அதிகாரி கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். கோடு போட்ட கொப்பித் தாள், நீல மை. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தும் அது யாருடைய எழுத்தென்று எனக்கு விளங்கிவிட்டது. என்னுடையது.

பக்கத்துக் கதிரையில் எங்கள் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் கணபதிப்பிள்ளை மாஸ்டர் இருந்தார். மடியில் ஒரு கட்டுக் கடிதங்கள். அதை மேசையில் வைப்பதற்காக அவர் பாதி எழும்பியிருந்தார்.

"இந்த முறைப்பாட்டுப் பெட்டிசம் நீங்கள் எழுதினதா?" என்று அதிகாரி கேட்டார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

சென்ற கிழமை இந்த வாரப் பத்தியில் என் முதல் நியமனத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பழைய சிநேகிதி தொலைபேசியில் ஏசினாள். "எல்லாரையும் எழுதினாய், சங்கத்தப் பத்தி ஒரு வரி எழுதினியா? நண்டி கெட்டவள்!" என்றாள். நன்றி கெட்டவள்தான். ஆனால் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. வெட்கத்தால்.

பிளேன்டீச் சங்கம்

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீடு மருதமுனையில், படிப்பித்தது சாய்ந்தமருதில். நடுவே பாண்டிருப்பு, கல்முனை. காலையில் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்காத குறையாகப் போய் வருவேன். கணக்குப் பாடம் படிப்பிக்கிற பெண்கள் அப்போது எங்கள் பக்கத்தில் அருமை. அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சமா என்று என் தங்கைமாரைக் கேட்டால் தெரியும்.

சங்கம் சனிக்கிழமைகளில் கூடும். கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தையல்கடையின் மேல்மாடி. கீழே தையல் மெஷின்கள் கடகடக்க, மேலே முஸ்லிம் ஆசிரியர்களும் தமிழ் ஆசிரியர்களும் மர வாங்குகளில் இருந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டு, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றுநிருபம் வாசிப்பார்கள். நான் ஒரே ஒரு தடவை போயிருந்தேன். யாரோ ஒருவருடைய சம்பள ஏற்றத்தில் விட்டுப்போன ஒரு வரியைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். வீட்டுக்கு வந்து அதற்குப் 'பிளேன்டீச் சங்கம்' என்று பெயர் வைத்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

கணபதிப்பிள்ளை மாஸ்டர் காரைதீவுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அவரும் கணக்குத்தான் படிப்பித்தார். மெலிந்த உடம்பு, மூச்சிழுக்கும் தொய்வு வருத்தம், அதனால் அந்தச் சங்கத்தில் பிளேன்டீ குடிக்காத ஒரே ஆள். சுடுதண்ணீர்தான். ஒரு வசனத்தைத் தொடங்கினாரென்றால் அது முடிவதற்குள் எனக்குப் பொறுமை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்குச் சில வருடம் முன்பு, சூறாவளி அடித்துக் கரையோரமே கூரையில்லாமல் கிடந்த நாட்களில், நான் நியமனத்துக்குக் காத்திருந்த பெண். ஒரு நாள் வாப்பாவோடு போகும்போது, ஓடு பறந்துபோன ஒரு பாடசாலை மண்டபத்தில் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள் குனிந்து நிற்பதைக் கண்டேன். நனைந்துபோன ஆசிரியர்களின் சேவைக் கோப்புகளைத் தாள் தாளாகப் பிரித்து மேசைகளில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கரி இஸ்திரிக்கைப் பெட்டியால் ஒவ்வொரு தாளையும் தேய்த்தார்கள். தாள் கருகாமல் இருக்க மேலே ஒரு சாரத் துணி.

"அந்தா தேய்க்கிறாரே, அவருட வீட்டுக்கும் கூரை இல்ல" என்று வாப்பா சொன்னார். அது கணபதிப்பிள்ளை மாஸ்டர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். வீட்டைப் பார்க்காமல் தாளைப் பார்க்கிறாரே, என்ன பைத்தியம் என்று அன்று நினைத்தேன். அந்தத் தாள்களை வைத்துத்தான் பின்னாளில் எத்தனையோ பேர் ஓய்வூதியம் எடுத்தார்கள்.

ஆதம்பாவா காக்கா பத்திரமாக வைத்தது

எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுவதும் லீவு. தமிழ்ப் பாடசாலைகள் அப்போது நடக்கும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கல்விக் கந்தோருக்கும் தெரியும். லீவு நாட்காட்டியை அச்சடித்து அனுப்புவதே அவர்கள்தான்.

அந்த வருடம் கச்சான் காற்று வீசுகிற நாட்களில் நோன்பு வந்தது. பாடசாலைக்குத் தலைவரான எங்கள் அதிபர் தன் ஊரான பொத்துவிலுக்குப் போய்விட்டார். பாடசாலைத் திறப்புக் கொத்தும், அதிபரின் மேசை லாச்சியும், லாச்சிக்குள் கிடந்த றப்பர் முத்திரையும் எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான காவலாளி ஆதம்பாவா காக்காவின் பொறுப்பில்.

நோன்பின் முதல் கிழமையில் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. 'அதிபர் ஊடாக' என்று போட்டிருந்தது. ஆதம்பாவா காக்கா தபால் துண்டில் ஒரு கிறுக்கல் கையெழுத்து வைத்தார். அரசாங்கக் கடிதமாயிற்றே, கையெழுத்து மட்டும் மரியாதையில்லை என்று நினைத்து, முத்திரையையும் எடுத்து அழுத்திக் குத்தினார். பிறகு கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதிபர் ஊடாக என்றால் அதிபரின் கையில்தான் கொடுக்கவேண்டும். அவர் முப்பது வருடம் அப்படித்தான் செய்தார்.

பெருநாள் முடிந்து பாடசாலை திறந்த அன்று, புதுச் சாரத்தோடும் அத்தர் வாசத்தோடும் அந்தப் பையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சேர், ஒண்டும் பிசகாம வெச்சிரிக்கன், பாருங்க."

அதிபர் உடைத்து வாசித்தார். முகம் மாறியது. கடிதத்தை என்னிடம் தந்தார்.

இடமாற்றம்! பாண்டிருப்புப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு. என் வீட்டிலிருந்து கால்மணி நேர நடை. வீட்டுக்குக் கிட்ட ஓர் இடம் கேட்டு நான் மூன்று தடவை விண்ணப்பித்திருந்தேன். சந்தோசத்தில் கூச்சல் போட்டிருப்பேன். கீழே இருந்த வரி மட்டும் இல்லாவிட்டால். ஏழு நாட்களுக்குள் கடமையேற்க வேண்டும். ஒரு மாதம் போய்விட்டிருந்தது.

அந்த ஒரு மாதமும் நோன்புச் சாமான் வாங்கக் கல்முனைச் சந்தைக்கு அந்தப் பாடசாலை வாசலால்தான் நடந்து போயிருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் வாய்பாடு சொல்வதும் கேட்டது. என் பெயருக்கு நேரே வரவில்லை என்று பதிந்துகொண்டிருந்த நேரம் அது.

மறுநாளே ஓடினேன். அந்தப் பாடசாலை அதிபர் நல்ல மனிதர். எழுந்து கதிரை தந்தார்.

"டீச்சர், உங்களப் பாத்துப் பாத்து இருந்தன். ஒரு ஆளும் வரல்ல. வரல்ல எண்டு கந்தோருக்கு எழுதிப் போட்டன். எழுதாம இருக்க ஏலாது, விளங்குதுதானே."

அடுத்த கிழமை கந்தோரிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்தத் தடவை நேரே வீட்டு விலாசத்துக்கு. நான் வேலையை விட்டு விலகியவளாகக் கருதப்படுகிறேனாம். வாப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்குக் கீழே மூன்று தங்கைகள். தறியோடு என் சம்பளமும் சேர்ந்துதான் அந்த வீடு நடந்தது.

இரண்டு கிழமை

வாப்பா எம்.பி. வீட்டுக்குப் போவோம் என்றார். உம்மா நேர்ச்சை வைத்தா. நான் பிளேன்டீச் சங்கத்தின் மாடிப்படியில் ஏறினேன். வேறு வழியில்லை.

கணபதிப்பிள்ளை மாஸ்டர் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 'இவ்வளவு நாளாக எங்கே இருந்தாய்' என்று அவரோ மற்றவர்களோ கேட்கவில்லை. ஒருவர் எனக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்தார்.

"டீச்சர், கந்தோர்ல கேட்டுப் பாத்தன்" என்றார் மாஸ்டர், அடுத்த தடவை நான் போனபோது. "பதிவுத் தபால் துண்டில பாடசாலை முத்திரை இரிக்கி எண்டுறாங்க. அப்ப பாடசாலைக்குக் கடிதம் கிடைச்ச மாதிரித்தான்."

"அத வாச்சர் குத்தினது மாஸ்டர்! அவருக்கு முத்திரை குத்த ஆரு அதிகாரம் குடுத்த? அத எழுதிக் குடுங்க, என்ட வேலை திரும்பி வந்திரும்."

"ஓம், வரும்." சுடுதண்ணீரை ஒரு மிடறு குடித்தார். எனக்கு மேசையைத் தட்டவேண்டும் போல இருந்தது. "மறுகா ஆதம்பாவாட வேலை போகும். முத்திரைய அதிகாரமில்லாமப் பாவிச்ச எண்டா, பொலிசுக்கும் போகலாம்."

"அவர் உங்கட சங்கத்து ஆளில்லையே!"

"இல்லத்தான்."

"மறுகா என்ன?"

அவர் என் கடிதங்களை மடித்து எடுத்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு கிழம தாங்க" என்றார். "அதுக்குள்ள நீங்க கந்தோருக்கு ஒண்டும் எழுத வேணாம். எழுதின பேர் கோப்பில நிண்டிரும்."

சரி என்று தலையாட்டினேன். வாக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் தெருவில் ஒருத்தி, "என்னகா, வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களாமே?" என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. பின்னேரம் அஸர் தொழுத கையோடு தங்கையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, 'காவலாளி ஆதம்பாவா என்பவர் எவ்வித அதிகாரமுமின்றிப் பாடசாலை முத்திரையைப் பாவித்து, எனது கடிதத்தை ஒரு மாத காலம் ஒளித்து வைத்தார்' என்று எழுதினேன். ஒளித்து வைத்தார்! பத்திரமாக வைத்த மனிதரை அப்படி எழுதினேன். தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

பஸ்ஸில் வாசித்தவை

இரண்டு கிழமை முடிந்த கையோடு விசாரணைக்கு அழைப்பு வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: விசாரணைக்கு எந்த ஆசிரியரையும் தனியே அனுப்பமாட்டார்கள். மாஸ்டர் தன் சொந்த லீவைப் போட்டுவிட்டு வந்தார். வாப்பாவும் வந்தார்.

வயல்வெளிக்குள் பஸ் திரும்பியதும் மாஸ்டர் முன் இருக்கையிலிருந்து அந்தக் கடிதக் கட்டை நீட்டினார். "வாசிச்சுப் பாருங்க டீச்சர்."

முதல் கடிதம் மருதமுனையிலிருந்து ஓர் அதிபர் எழுதியது. 'எமது பாடசாலையிலும் நோன்பு விடுமுறையில் வரும் பதிவுத் தபால்களைக் காவலாளியே கையெழுத்திட்டு, முத்திரையிட்டுப் பெற்று, பாடசாலை திறக்கும் நாளில் என்னிடம் ஒப்படைப்பார். இது நெடுங்கால வழக்கம்.' கீழே கையெழுத்தும் முத்திரையும்.

இரண்டாவது கல்முனைக்குடியிலிருந்து. அதே செய்தி, வேறு எழுத்து. அடுத்தது நிந்தவூர். அதற்கடுத்தது அட்டாளைச்சேனை. அக்கரைப்பற்று. பொத்துவில் வரைக்கும் கரையோரத்தில் இருந்த முஸ்லிம் பாடசாலைகளின் அதிபர்கள் அநேகமாக எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒருவர், 'எங்களுக்குக் காவலாளி நியமிக்கப்படவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வாங்கி வைப்பார். முத்திரையும் அவரிடமே உள்ளது' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இதன் கனம் உங்களுக்கு விளங்கவேண்டும். பாடசாலை முத்திரையை இன்னொருவர் கையில் விட்டேன் என்று ஓர் அதிபர் எழுதிக் கொடுப்பது, தன் தலையைத் தானே கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். அவர்களில் முக்கால்வாசிப்பேரை எனக்கு முகம்கூடத் தெரியாது. என்னை அவர்களுக்கும் தெரியாது. ஒரு காவலாளியையும் ஒரு டீச்சரையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காக ஒரு கரையோரமே 'நாங்களும் அப்படித்தான்' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தது.

ஒரு கிழமையில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வடக்கு, மறு கிழமையில் தெற்கு என்று மாஸ்டர் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக அலைந்திருக்கிறார். ஓர் அதிபர் வாசலிலேயே நிறுத்தி, "என்ட கழுத்துக்கும் சேத்துக் கயிறு கொண்டு வந்தீங்களா?" என்று ஏசி அனுப்பினாராம். அவரே மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காரைதீவுக்கு வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசிக் கடிதம் என்னை வரவில்லை என்று பதிந்த அந்தத் தமிழ்ப் பாடசாலை அதிபருடையது. 'எனது கடமைப்படி ஆசிரியை சமூகமளிக்கவில்லை என அறிவித்தேன். எனினும் ஆவணி விடுமுறையில் எமது பாடசாலையிலும் இதே வழக்கமே உள்ளதென்பதை அறியத் தருகிறேன்.'

 கொப்பித் தாளில் நான் எழுதி அனுப்பியது அப்போது கந்தோரில், என் கோப்புக்குள் இருந்தது. அதைச் சொல்லிவிடவேண்டும் என்று வாய் திறந்தேன்.

"மாஸ்டர்..."

"ஓம், நல்லா எழுதியிரிக்கிறாங்க என்ன?" என்றார் அவர். அந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் முன்பு கண்டதில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது.

கழித்தல்

ஆகவே, அந்த அறைக்கு வருகிறேன். வாப்பா வெளியே வராந்தாவில். உள்ளே அதிகாரியும் மாஸ்டரும் நானும்.

"நீங்கள் எழுதினதா?" அதிகாரி இரண்டாம் தரம் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் அதை வாய்விட்டு வாசித்தார். ஆதம்பாவா என்பவர். அதிகாரமின்றி. ஒளித்து வைத்தார். ஒவ்வொரு சொல்லும் அந்தச் சின்ன அறையில் விழுந்தது. அதுவரை ஒரு கோப்பிலும் இல்லாத அந்தப் பெயரை நானே கொண்டுவந்து வைத்திருந்தேன். மாஸ்டரின் இரண்டு கிழமையும், அத்தனை அதிபர்மாரின் கையெழுத்தும் என் ஒரு தாளால் வீண். மாஸ்டர் என் பக்கம் திரும்புவார், ஒரு பார்வை பார்ப்பார், நான் அந்த இடத்திலேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அவர் திரும்பவில்லை. எழும்பி, கடிதக் கட்டை மேசையில் வைத்தார்.

"ஐயா, இத வாசிங்க. எல்லாப் பாடசாலையிலயும் வாச்சர்தான் கையெழுத்து வெச்சு, முத்திரை குத்தி, கடிதத்த எடுத்து வெக்கிற எண்டு இதில இரிக்கி. டீச்சர்ட கடிதத்தையும் இதோட சேத்துக்கொள்ளுங்க."

"இதில் அவ வேறு மாதிரியல்லவா எழுதியிருக்கிறா?"

"கோபத்தில எழுதியிரிக்கிறா ஐயா. வேலை போன ஆளுக்குக் கோபம் வரும்தானே. அந்தக் கோபத்தக் கழிச்சுப் போட்டு வாசிங்க. மிச்சம் இருக்கிறது எல்லாரும் எழுதினதுதான்."

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். கடைக்காரரிடம் முத்திரை இருக்கும் கடிதத்தில் அவருடைய மீசை அசைந்தது. முடித்துவிட்டு மணியடித்து, இலிகிதரிடம் அந்த வருட லீவு நாட்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். என் இடமாற்றக் கடிதத்தின் திகதியை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பேரையும் விசாரிக்க வெளிக்கிட்டால் என்னிடம் பள்ளிக்கூடம் நடத்த ஆள் இருக்காது" என்றார். "பூட்டின பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் அனுப்பினது நாங்கள்."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வெடித்தது. "மாஸ்டர், நான் வாக்குத் தந்துட்டு..." என்றேன்.

"பஸ் வெளிக்கிடப் போகுது டீச்சர்" என்றார். வாப்பாவிடம் போய், விசாரணை நல்லபடி முடிந்ததென்று சொன்னார்.

ஆதம்பாவா காக்கா வந்தது

என்னை மீண்டும் வேலையில் சேர்க்கும் கடிதம் ஒரு மாதத்துக்குள் வந்தது. நோன்பு லீவில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு இடமாற்றக் கடிதம் அனுப்பக்கூடாதென்று ஒரு சுற்றுநிருபமும் வந்தது. ஆதம்பாவா காக்காவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பாண்டிருப்பில் கடமையேற்று இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவரைக் கண்டதும் நான் உள்ளே ஓடப் பார்த்தேன். வாப்பா விடவில்லை.

"மகள், செக்கட்டரி மாஸ்டர் எல்லாம் சொன்னாரு" என்றார் ஆதம்பாவா காக்கா. குரல் தழுதழுத்தது. "அந்த விசாரணைப் பெரியவர் எத்தின தரம் கேட்டும் நீங்க என்ட பேரக் காட்டிக் குடுக்கல்லையாம். உங்கட வேலையே போகப் பாத்தும் சொல்லல்லையாம். கூடப் பொறந்தவளும் செய்யமாட்டா."

வாப்பா என்னைப் பார்த்தார். அப்படியொரு பெருமையோடு அவர் அதற்கு முன்னும் பின்னும் என்னைப் பார்த்ததில்லை.

வாயைத் திறந்தேன். இல்லை காக்கா, நான் எழுதினேன், உங்களைக் கள்ளனாக்கி எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் என்னை அந்த அறையில் காப்பாற்றியது போதாதென்று, இந்த வீட்டிலும் காப்பாற்றி வைத்திருந்தார். அதை உடைக்க எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு மாஸ்டர் இருந்த காலம் வரைக்கும் ஒரு சனிக்கிழமையும் நான் சங்கத்துக்குப் போகாமல் விட்டதில்லை. ஒரு தடவைகூட அவர் அந்தக் கதையை எடுத்ததில்லை. மாஸ்டரும் காக்காவும் இப்போது இல்லை. அதனால்தான் இன்றாவது எழுதுகிறேன்.

அன்று ஆதம்பாவா காக்கா எங்கள் வீட்டுப் பாயில் இருந்தபடி இரண்டு கைகளையும் ஏந்தி, என் நேர்மைக்கு அல்லாஹ் கூலி தரவேண்டும் என்று நீளமாக துஆக் கேட்டார்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமீன் சொன்னேன்.